சிப்போராவின் பத்துப் பேர்

சாகும்போது ஹாயிம் தன் மனைவி சிப்போராவுக்கு விட்டுப்போனது செம்மாந்துறை பஜாரில் ஒரு பொத்தான் கடை, கடைக்குப் பின்னால் நூறு பேர் தாராளமாக உட்காரக்கூடிய, ஆனால் இப்போது யாருமே உட்காராத ஒரு யூதப்பள்ளி, அந்தப் பள்ளியின் சுவருக்குள் ஓர் அலமாரி நிறையத் தேய்ந்துபோன ஏடுகள், இவை போக, வருஷம் முழுக்க அவள் தொண்டையில் மீன்முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்த ஒரு சங்கடம்.

சங்கடம் இதுதான். செத்தவருக்காக இருப்பவர் சொல்லும் தோத்திரம் ஒன்று உண்டு, கதீஷ் என்று பெயர். அதைத் தனியாகச் சொல்லக் கூடாது, பத்து யூதர்கள் கூடி நிற்க ஒருவர் சொல்ல மற்றவர்கள் ஆமேன் போட வேண்டும், செம்மாந்துறையிலோ கப்பல் ஏறிப் போனவர்கள் போக, மண்ணுக்குள் போனவர்கள் போக, சிப்போரா ஒருத்திதான் மிச்சம். ஹாயிமை அடக்கம் செய்த அன்று ஊரே கூடி நின்றும் கதீஷ் சொல்ல ஆளில்லை. கட்டுச்சோறு கட்டிக் கொடுக்காமல் மனுஷனை நெடும்பயணம் அனுப்பிவிட்டோமே என்று அவள் மனசு ஆறவே இல்லை. முதல் வருஷ நினைவு நாளுக்காவது பத்துப் பேர் வரட்டும் என்று கொச்சிக்குப் போன் போட்டுப் பார்த்தாள். அங்கே மிஞ்சியிருந்த கிழடுகள் அவளைவிடக் கிழடுகள், "முழங்கால் வாசப்படி தாண்ட விடமாட்டேங்குது சிப்போரா" என்று போனிலேயே அழுதார்கள், கடைசியில் அவள்தான் அவர்களைத் தேற்ற வேண்டியிருந்தது.

சரி, நடக்காததை விட்டுவிட்டு நடக்கிறதைப் பார்ப்போம் என்று அவள் அலமாரியைத் திறந்தாள். கடவுளின் பெயர் எழுதிய ஏடு தேய்ந்து கிழிந்து படிக்க உதவாமல் போனாலும் அதை எரிக்கக் கூடாது, குப்பையில் போடக் கூடாது, சேர்த்துவைத்து ஒருநாள் மனிதரைப் புதைப்பதுபோல மண்ணில் புதைக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். ஹாயிமின் தாத்தா நாளைக்குப் புதைக்கலாம் என்றார், அப்பா நாளைக்குப் புதைக்கலாம் என்றார், ஹாயிம் வெயில் தாழட்டும் என்றார், அப்படியே நூறு வருஷம் ஓடிவிட்டது. யார் யாரோ எந்தெந்தத் துறைமுகத்திலிருந்தோ கொண்டுவந்த தோலும் தாளும் அந்த அலமாரிக்குள் ஒன்றன்மேல் ஒன்று படுத்துக் கிடந்தன. எபிரேயம் இருந்தது, அரமேயம் இருந்தது, எபிரேய எழுத்தை உடுத்திக்கொண்டு அரபு பேசுகிற கடிதங்கள் இருந்தன, அடியிலும் அடியில் கிரேக்கத்தில் எழுதிய தோல் துண்டு ஒன்று இருந்தது, அதன் நட்ட நடுவில் கடவுளின் பெயரை மட்டும் கிரேக்கத்தில் எழுதப் பயந்து, மற்ற எல்லா எழுத்துக்கும் மூத்த பழைய எழுத்தில் நாலே எழுத்தாக யாரோ எழுதிவைத்திருந்தார்கள்.

"நாளைக்கு அடக்கம் வச்சிருக்கேன்" என்று பக்கத்து டீக்கடை சன்னாசியிடம் அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அவர் பாய்லரை அணைத்துவிட்டுத் துண்டைத் தோளிலிருந்து இறக்கினார்.

"யாருக்கா தவறிட்டா?"

"யாரும் தவறல சன்னாசி. பழைய ஏடுங்க."

"என்ன வயசிருக்கும்?"

"மேல கெடக்கிறது எண்ணூறு, தொள்ளாயிரம். அடியில கெடக்கிறது ரெண்டாயிரம் இருக்கும்னு எங்க வீட்டுக்காரரு சொல்லுவாரு."

"அடேயப்பா! அப்ப கல்யாணச் சாவுல்ல!" என்றார் சன்னாசி.

அவ்வளவுதான், அவள் எவ்வளவு சொல்லியும் கேட்பாரில்லை. மறுநாள் பஜார் கடைகள் எல்லாம் ஷட்டரை இறக்கிவிட்டன, பூப்பல்லக்கு வந்தது, நையாண்டி மேளம் வந்தது, தெருமுனைக்குத் தெருமுனை வெடி போட்டார்கள், மீன்கூடையோடு வந்த சலேத்தம்மாள் யாருக்கு என்று கேட்காமலேயே ஒரு பாட்டம் மாரடித்து அழுதுவிட்டு, பிறகு விஷயம் தெரிந்து, அழுதது அழுததுதான் இருக்கட்டும் என்றாள். யூதர்களின் கல்லறைத் தோட்டத்தில் ஹாயிமுக்குப் பக்கத்தில் குழி வெட்டி, ஏடுகளை வெள்ளைத் துணியில் சுற்றி இறக்கி மண்ணைத் தள்ளினார்கள். சிப்போரா சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்தாள்.

மறுநாள் காலை எழுத்துகள் திரும்பி வந்துவிட்டன.

தோல் மண்ணிலேயே தங்கிவிட்டது, தாள் மண்ணிலேயே தங்கிவிட்டது, மேலே இருந்த எழுத்துகள் மட்டும் எழுந்து உதறிக்கொண்டு, வரிசை கலையாமல், கல்லறைத் தோட்டத்து மதிலேறி இறங்கி, ஐஸ் கம்பெனி வழியாக பஜாருக்குள் நடந்துவந்தன. வெடிச் சத்தத்தில்தான் முழித்துக்கொண்டன என்பது சிப்போராவின் கட்சி, சன்னாசி அதைக் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. முதலில் பார்த்த சலேத்தம்மாள் மழைக்கு முன்னால் எறும்பு ஊர்கிறது என்று நினைத்து, எல்லாரும் செய்கிற மாதிரியே எறும்பு சாக்பீஸை எடுத்து வாசல் சுவரில் நீளமாக ஒரு கோடு போட்டாள். எறும்பாக இருந்தால் கோட்டைக் கண்டு திரும்பியிருக்கும். இவை கோட்டைக் கண்டதும் வீட்டைக் கண்ட மாதிரி ஆறுதலாகிவிட்டன. ஒவ்வொன்றாக வந்து, கொடியில் துணி காயப்போட்டதுபோல, கோட்டுக்குக் கீழே வரிசையாகத் தொங்கின.

"சிப்பியக்கா, உங்க ஆளுங்க எங்க சுவத்துல தொங்குறாங்க" என்று சலேத்தம்மாள் கடை வாசலில் வந்து நின்றாள். சிப்போரா என்பது செம்மாந்துறை வாயில் எப்போதோ சிப்பியாகிவிட்டிருந்தது.

சிப்போரா போய்ப் பார்த்தாள். அவளுக்கும் ஆச்சரியம் வரவில்லை, கொஞ்சம் கோபம்தான் வந்தது. நூறு வருஷமாகத் தள்ளிப்போட்ட வேலையை ஒருவழியாக முடித்தால், முடித்த வேலை மறுநாளே வீடு திரும்புகிறதே என்று இருந்தது. ஆனால் எழுத்தை அழிக்கக் கூடாது, மறுபடி புதைக்கலாமென்றால் எழுதிய தோல் இல்லாமல் எழுத்தை எதில் சுற்றுவது? "சரி, இருந்துட்டுப் போகட்டும். தண்ணி தெளிச்சிராத, சுண்ணாம்பு அடிச்சிராத" என்று சொல்லிவிட்டுக் கடைக்குத் திரும்பினாள்.

அதற்குப் பிறகு ஊர் அந்த விஷயத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. கோடு போட்டால் குடிவருகிறார்கள் என்ற செய்தி பரவியதும் செம்மாந்துறையில் எறும்பு சாக்பீஸுக்குத் தட்டுப்பாடு வந்துவிட்டது. கதவில் கோடு போட்டார்கள், ஜன்னலில் போட்டார்கள், மீன்பெட்டி மூடியில் போட்டார்கள், கோடு போட்டுவிட்டு மாப்பிள்ளை வீட்டாருக்குக் காத்திருப்பதுபோல முகம் கழுவிக் காத்திருந்தார்கள். எழுத்துகளும் அவரவர் குணத்துக்கு ஏற்ற இடம் பார்த்துத்தான் இறங்கின. காதை வைத்துக் கேட்டால் ஒவ்வொன்றும் தன் மொழியில் முணுமுணுப்பது கேட்கும். எபிரேயம் விடியலில் எழுந்து தோத்திரம் சொல்லும், ஆகவே சீக்கிரம் எழுகிறவர்கள் வீடாகப் பார்த்து மீனவர் தெருவில் தங்கிவிட்டது. கிரேக்கம் மாதாகோயில் தெருவுக்குப் போனது, அங்கிருந்த பாதிரியார் செமினரியில் படித்து மறந்துபோன கிரேக்கம் தன் வீட்டுத் தூணிலிருந்து கேட்பதில் மகிழ்ந்து இரண்டு நாள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். அரமேயமும் எபிரேயமும் ஒரே உடுப்பு, பார்த்தால் அடையாளம் தெரியாது, பேச்சைக் கேட்டால் தெரியும். அரமேயத்துக்கு வாதம் இல்லாமல் ஒருவேளை சோறு இறங்காது, 'ஆனாலும்' என்றுதான் வாயைத் திறக்கும், ஆகவே அது கூட்டத்தோடு போய் சன்னாசியின் டீக்கடைப் பலகையில் குடியேறியது. அங்கே ஏற்கெனவே காலையிலிருந்து சாயங்காலம்வரை அதே வேலைதான் நடந்துகொண்டிருந்தது.

அரபு பேசும் எழுத்துகள் பள்ளிவாசல் தெருவில் தையல்கார மைமூன் வீட்டு ஜன்னல் கதவில் இறங்கின. மைமூன் தையலை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தாள். காற்று எப்போது திரும்பும், மிளகு நனையாமல் வந்ததா, தம்பி ஊருக்குக் கடிதம் போட்டானா என்று ஒரே வீட்டுப் பேச்சு.

"இதுல அதிசயப்பட என்னக்கா இருக்கு?" என்றாள் சிப்போராவிடம். "எங்க வீட்டுப் பழைய கிதாபைப் பாருங்க, தமிழு அரபு உடுப்புப் போட்டு நிக்கும். இங்க அரபு உங்க உடுப்பைப் போட்டிருக்கு. நான் ஊசிக்கு நூல் கோக்கும்போது கதை சொல்லுதுக. போகச் சொல்லிராதீங்க."

போக்குவரத்துதான் கொஞ்சம் சிரமமானது. எபிரேய உடுப்புக்காரர்கள் எல்லாரும் வலமிருந்து இடமாக மட்டுமே நடப்பவர்கள், கிரேக்கர் இடமிருந்து வலம். எதிர்வீட்டுக்குப் போவதென்றாலும் ஊரை ஒரு சுற்றுச் சுற்றித்தான் போக வேண்டும், மணிக்கூண்டு முக்கில் இரண்டு கூட்டமும் முட்டிக்கொண்டு, யார் மூத்தவர் யார் வழிவிடுவது என்று நிற்கும். காவலர் பெருமாள்சாமி விசில் ஊதிப் பார்த்து, கெஞ்சிப் பார்த்து, கடைசியில் மூத்தவர்கள் சுவரோரம், கிரேக்கர் நடைபாதைக் கம்பியோரம் என்று தீர்ப்புச் சொன்னார். அந்த நன்றிக்கு ஓர் எழுத்து அவருடைய பெல்ட்டிலேயே ஏறிக்கொண்டது.

அந்த நாலு பழைய எழுத்துகள் மட்டும் எந்த வீட்டுக்கும் போகவில்லை. ஊரில் அதிகமாகச் சண்டை நடக்கும் இடம் எதுவென்று விசாரித்ததுபோல, பஜார் குழாயடிக்குப் போய், குழாய்க்கு மேலே சிமெண்டில் அமர்ந்துகொண்டன. அவை முணுமுணுக்கவும் இல்லை, நகரவும் இல்லை. "அத வாசிக்கக் கூடாது, அழிக்கவும் கூடாது" என்று சிப்போரா சொல்லிவைத்தாள். தண்ணீர் தெறித்தால் அழிந்துவிடுமோ என்று பெண்கள் குடத்தை மெதுவாக வைத்தார்கள், மெதுவாக வைத்த குடத்துக்கு முன்னால் கத்த வாய் வரவில்லை, கெட்ட வார்த்தை நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போனது. சண்டை போட்டே ஆகவேண்டிய கட்டாயம் உள்ளவர்கள் ஐஸ் கம்பெனி வரைக்கும் நடந்துபோய்ப் போட்டுவிட்டு வந்தார்கள்.

எல்லாருக்கும் சந்தோஷம். சிப்போராவுக்கு மட்டும் நாள் நெருங்க நெருங்க முகம் வாடியது. டீ வாங்க வந்தவள் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நிற்பதைச் சன்னாசி பார்த்தார்.

"வர்ற வியாழன் அவரு நாளு. விளக்க மட்டும் ஏத்திட்டுச் சும்மா உக்காந்திருக்கணும். பத்துப் பேருக்கு எங்க போவேன்?" என்றாள்.

"பத்துப் பேருதானே? இப்பவே அனுப்புறேன்."

"உங்கள்ல பத்துப் பேர் இல்ல சன்னாசி. எங்கள்ல பத்துப் பேர்."

சன்னாசி தன் கடைப் பலகையைத் திரும்பிப் பார்த்தார். "ஏன்க்கா, இவங்க உங்காளுங்க இல்லாம வேற யாரு?"

சிப்போரா கிளாஸைக் கீழே வைத்தாள். சட்டம் பத்து யூதர் என்றுதான் சொல்கிறது. எபிரேயத்தின் முதல் எழுத்தான அலெஃபைவிட யூதன் எவன் இருக்கிறான்? நினைத்ததை அவள் வாய்விட்டே கேட்டுவிட்டாள். இதைப் பலகையில் இருந்த அரமேயமும் கேட்டுவிட்டது. 'ஆனாலும்' என்று ஆரம்பித்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து டீக்கடையில் அந்த ஒரே வழக்குதான். ஹாயிம் படித்துக்காட்டிக் காட்டி அரமேயம் அவள் காதுக்குப் பழக்கம், அவள் கேட்டுத் தமிழில் சொல்லச் சொல்ல ஊரே கிளாஸும் கையுமாக நின்றது. பத்தில் ஒருவராக நிற்கப் பதிமூன்று வயதாவது ஆகியிருக்க வேண்டுமே என்றது ஒரு கட்சி, ரெண்டாயிரம் போதாதா என்றது மறுகட்சி. புதைத்தவர்கள் எழுந்து வந்தால் உயிரோடு இருப்பவர் கணக்கா, செத்தவர் கணக்கா? இடமிருந்து வலமாக நடக்கிற கிரேக்கர் நம்மவரா? வேதத்தைத்தானே சுமந்தார்கள், நம்மவர்தான். எழுத்து ஆமேன் சொன்னால் அது சொன்னதாகுமா, எழுதியதாகுமா? குழாயடியில் இருக்கும் நால்வரை மட்டும் எந்த எண்ணிக்கையிலும் சேர்க்கக் கூடாது என்பதில் இரு தரப்பும் உடனே ஒத்துப்போயின, மற்ற எதிலும் ஒத்துப்போகவில்லை. ஊரும் இரண்டாகப் பிரிந்தது. செல்லும் என்பது மைமூன் கட்சி, செல்லாது என்பது பெருமாள்சாமி கட்சி, ஆனால் செல்ல வேண்டுமென்று அவரும் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்திருந்தார்.

வியாழக்கிழமை மத்தியானம் ஆகியும் தீர்ப்பு வரவில்லை. "இன்னும் எழுபது வருஷம் பேசணும்னு சொல்றாங்க" என்று சிப்போரா சொல்லிவிட்டு, யாரையும் பார்க்காமல் பள்ளிக்குப் போய்க் கதவைத் திறந்து, பெஞ்சைத் துடைத்து, விளக்கை ஏற்றினாள். நூறு பேர் இடம் அத்தனை பெரியது என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மனசு விட்டுப்போய்விட்டது. பெண்கள் உட்காரும் மேல்மாடியிலிருந்து வாழ்நாளெல்லாம் ஆமேன் போட்டவள், இன்றைக்குக் கீழே ஆண்கள் இடத்தில் தனியாக நிற்கிறாள், ஆமேனுக்கும் ஆளில்லை.

அப்போது தெருவில் மரம் இழுபடும் சத்தம் கேட்டது.

தீர்ப்பு வராவிட்டால் என்ன, நாள் நிற்காதே என்று இடத்துக்கு ஒன்றாகப் பத்து எழுத்துகள் கிளம்பப் பார்த்திருக்கின்றன, ஆனால் அவற்றின் நடைக்கு ஊரைச் சுற்றி வந்துசேர விடிந்துவிடும். அதைப் பார்த்த வீட்டுக்காரர்கள் யாரும் யாரையும் கேட்கவில்லை, அவரவர் எழுத்து எதில் தொங்கியதோ அதையே பெயர்த்துக்கொண்டு வந்துவிட்டார்கள். சன்னாசி கடைப் பலகையைத் தலையில் வைத்து வந்தார். மைமூன் ஜன்னல் கதவைக் கீலோடு கழற்றி மகனிடம் ஒருபக்கம் கொடுத்துத் தூக்கிவந்தாள். சுவரைப் பெயர்க்க முடியாத சலேத்தம்மாள் எழுத்தை மீன்பெட்டி மூடியில் ஏற்றிக்கொண்டு வந்தாள். பாதிரியார் தூணைத் தூக்க முடியாமல், எழுத்தைத் தன் வெள்ளை அங்கியில் கோடு போட்டு ஏற்றிக்கொண்டு, துணி சுருங்கிவிடாமல் கையை விரித்தபடி நடந்துவந்தார். யாரோ வாசல் கதவையே கொண்டுவந்துவிட்டார்கள், அந்த வீடு அன்று சாயங்காலம் திறந்தே கிடந்தது. கடைசியாகப் பெருமாள்சாமி ஓடிவந்து, பெல்ட்டைக் கழற்றிப் பெஞ்சில் மரியாதையாக வைத்துவிட்டு, ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார்.

பலகையும் கதவும் மூடியும் அங்கியும் பெல்ட்டுமாகப் பத்துப் பேர் வரிசையாக நின்றார்கள். சிப்போரா எண்ணினாள். சந்தேகத்துக்கு மறுபடி எண்ணினாள்.

பிறகு ஆரம்பித்தாள். சுருதி தப்பியது, குரல் நடுங்கியது, நடுவில் ஒரு வரி மறந்தே போய்விட்டது, ஏனென்றால் அவள் பதில் சொல்லிப் பழகியவளே ஒழிய முன்னால் நின்று சொல்லிப் பழகியவள் இல்லை. டீக்கடைப் பலகையில் இருந்த அரமேயம், வாழ்க்கையில் முதல்தடவையாக 'ஆனாலும்' போடாமல், அந்த வரியை மெதுவாக எடுத்துக்கொடுத்தது. அவள் பிடித்துக்கொண்டாள். ஆமேன் போட வேண்டிய இடம் வந்ததும் பத்து எழுத்துகளும் ஒரே குரலில் ஆமேன் என்றன, எண்ணிக்கையில் சேராத மைமூன் பின்னாலிருந்து ஆமீன் என்றாள், பாதிரியார் ஆமென் என்றார், சன்னாசிக்கு எதைச் சொல்வதென்று தெரியாமல் மூன்றையும் சொன்னார். ஒரு வருஷமாகக் குத்திய முள் அந்தச் சத்தத்தில் இறங்கிவிட்டது. சிப்போரா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நன்றாக அழுதாள், அவ்வளவு சந்தோஷமாக அவள் எப்போதும் அழுததில்லை.

சொல்லி முடித்தும் யாரும் கலையவில்லை. சலேத்தம்மாள் மீன்பெட்டி மூடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். அவள் புருஷனைக் கடல் கொண்டுபோய்ப் பல வருஷம் ஆகிறது, உடம்பு கரைக்கு வரவில்லை, எங்கே நின்று அழுவதென்றுகூட அவளுக்கு ஓர் இடமில்லை.

"அக்கா, அப்படியே எங்க வீட்டுக்காரருக்கும் ஒண்ணு சொல்லிருங்களேன்."

"இதுல செத்தவங்க பேரே வராது சலேத்து. சாவுங்கிற சொல்லே கிடையாது. கடவுள் பேரு பெரிசாகட்டும்ங்கிறதுதான் மொத்தமும். இப்பச் சொன்னது உங்க வீட்டுக்காரருக்கும் சேத்துத்தான்."

சலேத்தம்மாள் விடவில்லை. "சரிக்கா. ஆனாலும் நான் அவர நெனச்சுக்கிட்டு நிக்கல. இப்ப நெனச்சுக்கிட்டு நிக்கிறேன், இன்னொரு தடவை சொல்லுங்க."

பலகையில் இருந்த அரமேயம் இதைச் சரியான வாதம் என்று ஒத்துக்கொண்டது. சிப்போரா கண்ணைத் துடைத்துக்கொண்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, இந்தத் தடவை குரல் நடுங்காமல், தெருவில் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.